பாலைவனம் பூத்த பங்குனி

பாலைவனம் என்றதும் எங்கள் கண்முன் வருவது ஒட்டகமும் மணல்மேடும்தான். எங்கள் நாட்டில் பாலைவனம் இல்லை. வடமராட்சியில் மணற்காட்டைப் பார்த்தவர்கள், அதைப்போலப் பல மடங்கு பெரிதாக இருக்கும் என்று எண்ணிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் ஐந்திணை படித்தபோது, பாலைக்கென்று தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் அதுவே பாலை என்று பாடமாக்கினோம். திரிந்த நிலம் மழையைக் கண்டால் என்ன ஆகும் என்று எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை.

2019 பங்குனியில் அந்தக் கேள்விக்கு விடையைக் கண்ணால் காணும் வாய்ப்பு எனக்கும் அம்மாவுக்கும் கிடைத்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் டியாகோ நகரில் அக்கா குடும்பம் இருக்கிறது. பல வருடங்களுக்குப் பிறகு அவர்களைப் பார்க்கப் போயிருந்தோம். அந்த மாரியில் அங்கு நல்ல மழை. பாலைவனம் பூத்திருக்கிறது, எல்லோரும் போய்ப் பார்ப்போம் என்றார் அத்தான்.

அம்மாவுக்கு விருப்பம் இல்லை. 2009க்குப் பிறகு கோயிலையும் வைத்தியசாலையையும் தவிர அவர் எங்கும் போனதில்லை. "காய்ஞ்ச இடத்தை நாங்கள் பார்க்காததோ?" என்றார். அக்காவின் மகள், பத்து வயதுப் பிள்ளை, "அம்மம்மா, நீங்கள் வராட்டி நானும் போகேல்லை" என்று சொன்ன பிறகுதான் புறப்பட்டார். புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு, தண்ணீர்ப் போத்தல்கள் நிறைய எடுத்துக்கொண்டு விடியவே கிளம்பினோம்.

மலைக்கு அப்பால்

நாங்கள் போன இடத்தின் பெயர் அன்சா பொரெகோ பாலைவனப் பூங்கா. கலிபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களில் மிகப் பெரியது அது. 6 இலட்சம் ஏக்கருக்கு மேல். அன்சா என்பது 1774இல் இந்த வழியாகப் படையுடன் போன ஸ்பானியத் தளபதியின் பெயர். பொரெகோ என்றால் ஸ்பானிய மொழியில் செம்மறி. இங்குள்ள மலைகளில் பெரிய வளைந்த கொம்புகளுடைய காட்டுச் செம்மறிகள் வாழ்கின்றன.

சான் டியாகோவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணிநேர ஓட்டம். முதலில் வீதி மலையில் ஏறியது. மேலே குளிர். ஆப்பிள் தோட்டங்களும் பச்சைப் புல்வெளிகளும் நுவரெலியாப் பக்கத்தை நினைவூட்டின. உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கியதும் பச்சை குறைந்து, மரங்கள் குறைந்து, கல்லும் முள்ளும்தான் மிஞ்சின. பசுபிக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்று மலையின் மேற்குப் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைக் கடந்து இறங்கும்போது காற்றில் ஈரம் இல்லை. எங்களுக்குக் கச்சான் காற்று அனலாக வீசுவதும் இதே காரணத்தால்தான். தென்மேற்கிலிருந்து வரும் காற்று மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு வெறுங்கையோடு எங்களிடம் வருகிறது.

பொரெகோ பள்ளத்தாக்கில் ஒரு வருடம் முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 150 மில்லிமீற்றர் அளவுதான். வன்னியில் ஒரு நல்ல கார்த்திகை மாதத்தில் அதைவிடக் கூடப் பெய்யும். கோடையில் அங்கு வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம்.

அப்படிப்பட்ட நிலத்தில், பள்ளத்தாக்கின் அடிக்கு வந்ததும், அத்தான் வண்டியை ஓரமாக நிறுத்தினார். வீதியின் இரு பக்கமும் மலையடிவாரம் வரை மஞ்சள். பாலைச் சூரியகாந்தி என்ற சிறு பூ. இடையிடையே மணலோடு மணலாகப் படர்ந்த ஊதாப் பூக்கள். மணல் வேர்பினா என்று சொன்னார்கள். அதன் வாசம் காற்றில் வந்தது. வெள்ளை நிறத்தில், கை அகலத்துக்குப் பிரிம்ரோஸ் பூக்கள். அவை மாலையில் விரிந்து, இரவில் அந்துப்பூச்சிகளை அழைத்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி வாடுகின்றன. வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வடக்கு நோக்கிப் பறந்தன. அந்தப் பங்குனியில் தென் கலிபோர்னியா முழுவதும் அவை இலட்சக்கணக்கில் கடந்து போயின.

அம்மா வண்டியிலிருந்து இறங்கினார். எதுவும் பேசவில்லை. குனிந்து ஒரு பிடி மணலை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். ஐம்பது வருடம் விதைத்து அறுத்தவர் முதலில் பார்ப்பது பூவை அல்ல, மண்ணை.

செத்ததுபோல் இருப்பவை

மழையில்லாத காலத்தைத் தாண்ட அங்குள்ள செடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழி வைத்திருக்கின்றன.

ஒகொட்டீயோ என்று ஒரு செடி. பத்துப் பதினைந்து முள்ளுத் தடிகளை ஒரே இடத்தில் குத்தி வைத்ததுபோல், ஆளைவிட உயரமாக நிற்கும். வறட்சியில் ஒரு இலையும் இருக்காது. பட்டுப்போனது என்று யாரும் விறகுக்கு வெட்டிவிடக்கூடும். ஆனால் மழை பெய்து சில நாட்களில் தடி முழுவதும் தளிர்த்துவிடும். ஈரம் போனதும் இலையைக் கொட்டும். மறுபடி மழை வந்தால் மறுபடி தளிர்க்கும். ஒரே வருடத்தில் இப்படிப் பல தடவை. நாங்கள் போன நேரம் ஒவ்வொரு தடியின் நுனியிலும் தீக்கொழுந்துபோலச் சிவப்புப் பூங்கொத்து இருந்தது.

பாலை லில்லி வேறு விதம். அதன் கிழங்கு மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கிறது. பூண்டு போல இருப்பதால் ஸ்பானியர்கள் அதைப் பூண்டு என்றே அழைத்தார்கள். மழை போதாவிட்டால் அது மேலே வராது. பல வருடங்கள்கூட உள்ளேயே இருக்கும். எங்கள் வேலிகளில் கார்த்திகைப்பூவும் அப்படித்தானே? சித்திரை வெயிலில் அந்த இடத்தில் ஒன்றும் தெரியாது. மாரி தொடங்கியதும் கிழங்கிலிருந்து கொடி வரும்.

அந்த லில்லிக்குப் பக்கத்தில்தான் அம்மா நெடுநேரம் நின்றார். வெள்ளை இதழ், நடுவில் பச்சைக் கோடு. அத்தான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு காலமும் கீழை இருந்திருக்குது. ஒருத்தரும் செத்ததெண்டு எழுதிப் போடேல்லை" என்றார்.

எங்கள் தம்பிக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்கும்படி பலரும் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா எடுக்கவில்லை. கிழங்குக்கும் பிள்ளைக்கும் ஒரே கணக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும். நாங்கள் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் மழையை நம்பாத விதை

அங்கு பூப்பவற்றில் பெரும்பாலானவை ஒரு பருவச் செடிகள். முளைத்து, பூத்து, விதைத்து, சில மாதங்களில் முடிந்துவிடும். மீதிக் காலமெல்லாம் அவை விதையாகவே மண்ணில் கிடக்கின்றன. மழை வந்தவுடன் அந்த விதைகள் முளைத்துவிடும் என்றுதான் நாங்கள் நினைப்போம். அப்படி இல்லை.

கலிபோர்னியாவில் வேலை செய்த பிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் 1940களிலும் 50களிலும் இதைச் சோதித்துப் பார்த்தார். அரை அங்குலத்துக்கும் குறைவான மழைக்கு இந்த விதைகள் அசையவில்லை. ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீற்றர் அளவு பெய்தால் நன்றாக முளைத்தன. மழைபோல மேலிருந்து ஊற்றினால் முளைத்த விதை, கீழிருந்து மண்ணை நனைத்தபோது முளைக்கவில்லை. காரணம், விதையின் தோலில் முளையைத் தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன. அவற்றைக் கழுவிக்கொண்டு போகும் அளவுக்கு மழை பெய்ய வேண்டும். அவ்வளவு மழை பெய்தால் மண்ணுக்குள்ளும் ஈரம் இறங்கியிருக்கும். செடி பூக்கும் வரை தாங்கும். ஒரு தூறலை நம்பி விதை எழும்பாது.

அதைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. நல்ல மழை பெய்தாலும் எல்லா விதைகளும் முளைப்பதில்லை. ஒரு பங்கு முளைக்கும். மற்றப் பங்கு மண்ணிலேயே இருக்கும். அரிசோனா மாநிலத்தில் டூசன் நகருக்குப் பக்கத்தில் உள்ள டுமாமொக் குன்றில் லாரி வெனபிள் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1982 முதல் பல பத்தாண்டுகளாக இந்தச் சிறு செடிகளை ஒவ்வொன்றாக எண்ணி வந்தார்கள். எந்தச் செடிக்கு வருடத்துக்கு வருடம் விளைச்சல் கூடுதலாக ஏறி இறங்குகிறதோ, அந்தச் செடி விதைகளில் குறைந்த பங்கைத்தான் முளைக்க விடுகிறது என்று கண்டார்கள். எவ்வளவுக்கு ஆபத்துக் கூடவோ, அவ்வளவுக்கு ஒதுக்கி வைப்பும் கூட.

பூங்காவில் வழிகாட்டியாக நின்ற வயதான தொண்டர் அம்மையாரிடம் அக்காவின் மகள், "ஏன் எல்லா விதையும் ஒன்றாக வரக்கூடாது?" என்று கேட்டாள். "எல்லாம் ஒன்றாக முளைத்து, பிறகு மழை நின்றுவிட்டால், அந்தச் செடியின் இனமே இல்லாமல் போய்விடும்" என்று அவர் சொன்னார். பிள்ளை அதைத் தமிழில் அம்மம்மாவுக்குச் சொன்னாள். அம்மா சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. "பின்னை? விதை நெல்லை ஆரும் அவிச்சுத் தின்னுவினமோ?" என்றார்.

பிறகு அம்மாவே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆவணி, புரட்டாதியில் புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருப்பது. முதல் மழையோடு முளைத்து, அடுத்த மழை பிந்தினால் பயிர் கருகிப் போவது. அதற்காகவே ஒரு மூட்டை விதை நெல்லை வீட்டில் தொடாமல் வைத்திருப்பது. பயற்றையும் உழுந்தையும் வேப்பமிலையும் சாம்பலும் கலந்து பானையில் கட்டி வைப்பது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொய் மழை

சற்றுத் தள்ளி ஒரு மேட்டுச் சரிவில் வேறொரு காட்சி. விரல் நீளத்துக்கு முளைத்து, பூக்காமலே காய்ந்த நாற்றுகள். சரிவில் தண்ணீர் தங்காமல் ஓடிவிடுவதால் ஈரம் கடைசிவரை போதவில்லை.

அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்காவின் நினைவு வந்தது. கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகள். கோழி வளர்க்கலாம் என்று வீடு தேடி வந்த ஒரு நிறுவனத்திடம் கடன் எடுத்தார். கிழமைக்கொருமுறை தவணை. கோழிகள் முட்டையிடத் தொடங்க முன்பே தவணை தொடங்கிவிட்டது. அதைக் கட்ட இன்னொரு கடன், அதற்காக மூன்றாவது கடன். கடைசியில் கோழியும் இல்லை, காதுத்தோடும் இல்லை. அவர் ஒருவர் மட்டுமல்ல. வடக்கு கிழக்கில் எத்தனையோ பெண்கள் இப்படி அகப்பட்டார்கள். 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் பணம் மழைபோலத்தான் வந்தது. ஆனால் மண்ணின் ஆழத்துக்கு இறங்காத மழை. பாலைவன விதை முளைக்க முன் பார்ப்பதையே நாங்களும் கடன் வாங்க முன் பார்க்கலாம். இது ஒரு தூறலா, ஆழ இறங்கும் மழையா? முதல் தவணை வரும் கிழமையில் கையில் வருமானம் இருக்குமா? நோயோ மழையோ வந்து வேலை நின்ற கிழமையில் எதைக் கொண்டு கட்டுவது? இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லையென்றால், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்து, சொந்தச் சேமிப்போடு தொடங்குவது பிந்தினாலும் பிழையில்லை. கையில் உள்ள அத்தனையையும் ஒரே தொழிலில் போடாமல் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பதும் கோழைத்தனம் அல்ல.

வீதியோரத்தில் இன்னொன்றையும் கண்டோம். ஒரு கூட்டம் கையுறை போட்டுக்கொண்டு ஒரு வகைக் கடுகுச் செடியைப் பிடுங்கிப் பைகளில் கட்டிக்கொண்டிருந்தது. சகாரா கடுகு என்று பெயர். வெளியிலிருந்து வந்தது. இந்தக் கடுகு மற்றச் செடிகளுக்கு முன்பே முளைத்து, ஈரத்தையும் வெளிச்சத்தையும் தானே எடுத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கில் விதை கொட்டுகிறது. "இது இவையின்ரை பார்த்தீனியம்" என்றார் அம்மா. தொண்டர்கள் ஒவ்வொரு வருடமும் வந்து கையால் பிடுங்குகிறார்கள். நிலம் தானாகப் பூக்கும் என்று அவர்கள் சும்மா இருக்கவில்லை.

பாறையில் உரல்கள்

மத்தியானம் சாப்பிட்ட பிறகு, பூங்காவின் தெற்குப் பக்கம் உள்ள சின்ன பிளேர் பள்ளத்தாக்குக்குப் போனோம். அங்கு பெரிய கருங்கற் பாறைகள். அவற்றின் மேல் வட்டமான குழிகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக. அம்மா ஒரு குழிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். வழுவழுப்பு. யாரும் சொல்ல முன்பே, "உரல்" என்றார்.

உரல்தான். குமெயாய் என்ற பழங்குடிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இங்கிருந்து விதைகளை இடித்து மாவாக்கினார்கள். பாலை பூத்த வருடங்களில் விதைகளைச் சேகரித்து, கூடைகளிலும் மண்பானைகளிலும் வைத்து, பூக்காத வருடங்களைத் தாண்டினார்கள். குழிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தால், அவர்கள் தனியே இருந்து இடிக்கவில்லை என்பது தெரியும். கதைத்துக் கதைத்து இடித்திருப்பார்கள்.

இவர்களின் அயலில் வாழ்ந்த கூபெனோ மக்களின் கதையை அத்தான் சொன்னார். வெந்நீரூற்று இருந்த கூபா என்ற ஊர் அவர்களுடையது. கலிபோர்னியா அமெரிக்காவின் கைக்கு வந்த பிறகு, 1851இல் போட்ட ஒரு சட்டத்தின்படி காணி உரிமையைக் குறித்த காலத்துக்குள் பதிய வேண்டும் என்றார்கள். இவர்கள் பதியவில்லை. அதனால் உரிமை இல்லை என்று 1901இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1903 மே மாதம் அவர்களை வண்டிகளில் ஏற்றிப் பாலா என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பாலாவில் இருக்கிறார்கள்.

உறுதி இல்லாத காணி, குறித்த திகதி, ஏற்றிப்போக வந்த வண்டி. இவற்றை எங்கள் சகோதரிகளுக்கு விளக்கத் தேவையில்லை. காணி உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் உங்கள் பெயரில் சரிசெய்யும் வேலை மிச்சமிருந்தால், அதைப் பிந்தவிட வேண்டாம். விதை காத்திருக்கும், சட்டம் காத்திருக்காது.

எங்கள் வளவுகளிலும்

பூக்களுக்கிடையே நடக்க ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன. அவற்றை விட்டு இறங்கக் கூடாது. அதே மாதம் லேக் எல்சினோர் என்ற இடத்தில் பொப்பிப் பூக்கள் நடுவே நின்று படம் எடுக்க ஆயிரக்கணக்கானோர் இறங்கி மிதித்ததில், நகர நிர்வாகம் சில காலம் வழியை மூட வேண்டி வந்தது. விதையோ பூவோ எடுக்கவும் சட்டம் இடம் தராது. அம்மா ஒரு விதைகூட எடுக்கவில்லை. "அது இந்த மண்ணின்ரை" என்றார்.

திரும்பும் முன் தொண்டர் அம்மையார் எங்களைக் கல்லுத் தரையில் குனியச் சொன்னார். ஈரம் குறைந்த இடம். அங்கு விரல்நுனி அளவில் ஒரு செடி, அதில் ஒரேயொரு பூ. அருகில் நல்ல மணலில் அதே செடி முழங்கால் உயரத்தில் பல பூக்களோடு நின்றது. இந்தச் சின்னதைப் பார்க்க வயிறு நிலத்தில் படப் படுக்க வேண்டும் என்பதால், அங்கு இவற்றை வயிற்றுப் பூக்கள் என்று விளையாட்டாக அழைக்கிறார்களாம். கிடைத்த துளி ஈரத்துக்கு ஏற்றபடி அது ஒரு பூ பூத்து, சில விதைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறது. அதற்கும் அது முழு வாழ்க்கைதான்.

இதெல்லாம் கடல் கடந்த அதிசயம் என்று நினைக்க வேண்டாம். 2010இல் நாங்கள் மீளக்குடியேறியபோது வளவு பற்றைக்காடாக இருந்தது. கண்ணிவெடி அகற்றியவர்கள் அனுமதி தந்த பிறகுதான் கால் வைத்தோம். அம்மா கட்டி வைத்திருந்த விதைப் பானை ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் அந்த மாரியில், கிணற்றடிப் பக்கம் யாரும் போடாத குப்பைக்கீரையும் பாகலும் முளைத்தன. நாங்கள் ஓடிய காலமெல்லாம் அந்த விதைகள் அங்கேயே இருந்தன. அந்தக் கீரையைத்தான் முதல் மாதம் சோற்றோடு சாப்பிட்டோம்.

யுத்தம் முடிந்து எத்தனையோ திட்டங்கள் வந்து போயின. ஆறு மாதத்தில் தொழில் தொடங்கினீர்களா, ஒரு வருடத்தில் முன்னேறினீர்களா என்று படிவங்கள் கேட்டன. சிலர் முதல் மழையிலேயே எழும்பினார்கள். அவர்களை மெச்ச வேண்டும். இன்னும் எழும்பாதவர்களை "அவ அப்படியேதான் இருக்கிறா" என்று முடிவுகட்ட எங்களுக்கு என்ன உரிமை? அவர்களுக்கு வேண்டியது புத்திமதி அல்ல. ஒரு மழை நின்றால் இன்னொரு மழை வரும் என்ற உறுதி, பக்கத்தில் இருந்து கதைக்க ஒரு ஆள், தேவைப்பட்டால் உளவளத் துணை செய்பவரிடம் கூட்டிப்போக ஒரு கை.

வரும் ஆவணியில் வளவு கொத்தும்போது, ஒரு மூலையைக் கொத்தாமல் விட்டுப் பாருங்கள். மழைக்குப் பிறகு என்ன முளைக்கிறது என்று பார்த்து, வேண்டியதை முற்றவிட்டு விதை எடுங்கள். ஒரு பங்கை விதையுங்கள், ஒரு பங்கைச் சாம்பலில் போட்டு வையுங்கள், ஒரு பங்கை அயல் வீட்டுக்குக் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பானை உடைந்தாலும் அயல் வீட்டில் அந்த விதை இருக்கும்.